எண்பது டிகிரியில் பத்து நிமிடம்

எங்கள் ஊருக்கு எல்லாம் கடைசியில்தான் வரும். ஜூன் 12-ம் தேதி மேட்டூரில் மதகு திறந்தால், அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, மன்னார்குடிப் பக்கம் சுற்றி, கோரையாறும் பாமணியாறுமாய் இறங்கி முத்துப்பேட்டை வாய்க்காலை எட்டுவதற்குள் மேல்மடையில் பாதி வேலை முடிந்திருக்கும். உயிர் உரப் பாக்கெட்டும் ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது. ஆய்வகம், கிடங்கு, லாரி, இன்னொரு கிடங்கு, கடைசியில் தகரக்கூரை போட்ட ஒரு கடை. மே மாத மத்தியானத்தில் அந்தக் கூரைக்கு அடியில் பத்து நிமிடம் நின்றவர்களுக்கு என் கேள்வி புரியும். பாக்கெட்டுக்குள் இன்னும் உயிரோடு இருப்பது யார்?

நான் உயிர் உர ஆய்வகம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள். இப்போது முத்துப்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது போக மிச்சமிருக்கும் தென்னந்தோப்பு, பின்கட்டில் ஒரு மேசை, எண்ணெய் லென்ஸ் போட்ட பழைய மைக்ராஸ்கோப். அக்கம்பக்கத்து விவசாயிகள் கையில் பாக்கெட்டோ ஒரு பிடி மக்கிய எருவோ எடுத்துக்கொண்டு வருவார்கள். "இதுல உசுரு இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா" என்பார்கள். இது இயற்கை விவசாயம் வேரூன்றிய வட்டாரம். பக்கத்து ஆதிரெங்கத்தில்தான் 'நெல்' ஜெயராமன் பாரம்பரிய நெல் திருவிழா நடத்தினார். நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று கண்மூடியதும் பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில்தான். அதனால் கேள்வி கேட்பவர்களுக்குக் குறைவில்லை.

பதில் சொல்ல நான் முதலில் செய்வது மிக எளிய காரியம். எருவையோ பொடியையோ நீரில் கரைத்து, அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, 80 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் நிறுத்திவைப்பேன். மறு பங்கை அப்படியே விட்டுவிடுவேன். இரண்டையும் தனித்தனி அகார் தட்டில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் காத்திருந்தால் போதும். சாதாரண பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 80 டிகிரியில் மாண்டுபோகும். வித்தாக உறங்குபவை மட்டும் தப்பும். அதுமட்டுமல்ல, அந்தச் சூடு அவற்றை உசுப்பியும் விடும். ஆகவே, சூடு கண்ட தட்டில் முளைக்கும் ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் ஒரு வித்திலிருந்து வந்தது.

வித்து என்பது என்ன? பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் போன்ற சில குடும்பத்துப் பாக்டீரியாக்களுக்கு மட்டும் வாய்த்த வித்தை அது. உணவு தீர்ந்துபோகும்போது செல் ஓரமாக ஒரு தடுப்பை எழுப்பிக்கொள்ளும். பெரிய பாகம் சிறிய பாகத்தை விழுங்கி, அதைச் சுற்றி உறைமேல் உறையாகக் கட்டும். சுமார் எட்டு மணி நேரத்தில் வேலை முடியும். தாய் செல் வெடித்துச் சாகும், உள்ளிருந்து வித்து வெளியே விழும். அதன் மையத்தில் தண்ணீர் மிகக் குறைவு. கால்சியத்தோடு சேர்ந்த டைபிக்கோலினிக் அமிலம் அங்கே நிறைந்திருக்கும், உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. அந்த அமிலமும், டி.என்.ஏ.வைப் போர்த்தியிருக்கும் சிறு புரதங்களும்தான் வெயிலையும் வறட்சியையும் தாங்கவைக்கின்றன. விதைநெல்லைக் குதிரில் போட்டுவைப்பது போன்ற ஏற்பாடு. ஒரே வித்தியாசம், இந்தக் குதிருக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. 2014-ல் பேசில்லஸ் சப்டிலிஸ் வித்துகளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, 500 ஆண்டுகள் வரை இடையிடையே திறந்து பார்ப்பது என்று ஒரு பரிசோதனை எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியிருக்கிறது. முடிவைக் கேட்க நாமில்லை, அது வேறு விஷயம்.

இந்த வித்துகள் முதலில் மாட்டிக்கொண்டது காய்ந்த புல்லில். ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஃபெர்டினண்ட் கோன் 1876-ல் காய்ந்த புல்லை நீரில் ஊறவைத்துக் கொதிக்கவைத்துப் பார்த்தார். கொதித்த பிறகும் அந்த நீரில் பாக்டீரியா பெருகியது. கொதிநீரையும் தாங்கும் ஒரு நிலை அதற்கு உண்டு என்று அவர் கண்டார். லண்டனில் ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளரும் ஏறத்தாழ அதே காலத்தில் புல் ஊறல் நீரோடு மல்லுக்கு நின்றார். ஒரே தடவை நெடுநேரம் கொதிக்கவைப்பதைவிட, விட்டுவிட்டுப் பல தடவை சூடாக்கினால் வித்துகள் இடையில் முளைத்து மாட்டிக்கொள்ளும் என்பது அவர் கண்டுபிடித்த தந்திரம். வைக்கோலும் அந்தப் புல் வகைதான். ஜப்பானில் கொதிநீரில் நனைத்த வைக்கோலில் வேகவைத்த சோயாவைப் பொதிந்துவைத்து நாட்டோ என்ற உணவைச் செய்துவந்தார்கள். கொதிநீரில் மற்றவை சாக, வைக்கோலோடு வந்த சப்டிலிஸ் வித்து மட்டும் பிழைத்து சோயாவைப் புளிக்கவைக்கும். நம் களத்து வைக்கோல் போரிலும் இதே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால்தான் ஒருவர் வந்து, "எங்க கம்போஸ்ட்ல ஸ்போர் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குப் பெரிய வியப்பு வருவதில்லை. வைக்கோலும் சாணியும் போட்டு மக்கவைத்த குவியலில் வித்து இல்லாமல் போனால்தான் அதிசயம்.

இனி பாக்கெட்டுக்கு வருவோம். விஷயம் சுவையாவது இங்கேதான்.

நம்மூரில் அதிகம் புழங்கும் உயிர் உரங்கள் இரண்டு: அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா. முதலாவது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும், இரண்டாவது மண்ணில் கட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கும். இரண்டும் பெரும்பாலும் லிக்னைட் பொடியில் கலந்து 200 கிராம் பாக்கெட்டாக வரும். நெய்வேலி நமக்கு அருகில் இருப்பதன் ஒரு பலன். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புத் தூள். ஆனால் உள்ளிருப்பவர்களின் குணம் நேர்மாறு. அசோஸ்பைரில்லம் வித்து போடாது. பாஸ்போபாக்டீரியா என்று இங்கே விற்பதில் பெரும்பகுதி பேசில்லஸ் மெகாட்டீரியம், வித்து போடும் சாதி. (2020-லிருந்து அதற்கு ப்ரீஸ்டியா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பாக்கெட்டுகளில் இன்னும் பழைய பெயர்தான்.) சூடோமோனாஸ், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1990-களில் டால்க் பொடியில் கலந்து பரவலாக்கியது, அதுவும் வித்து போடாத சாதி.

ஆகவே அசோஸ்பைரில்லம் பாக்கெட் நல்லதாக இருந்தால், சூடு காணாத தட்டில் புள்ளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், சூடு கண்ட தட்டு கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடக்க வேண்டும். பேசில்லஸ் கலந்த பாஸ்போபாக்டீரியாவில் இரண்டு தட்டுமே நிறைந்திருக்கலாம். ஒரு அசோஸ்பைரில்லம் பாக்கெட்டில் இரண்டு தட்டும் ஒரே மாதிரி நிறைந்திருந்தால் என்ன அர்த்தம்? பெயர் போட்டவர் செத்துப்போய்விட்டார் அல்லது முதலிலேயே வரவில்லை. லிக்னைட் பொடியைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாததால் ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒரு பேசில்லஸ் வீட்டைப் பிடித்துக்கொண்டது. வித்தைக் கண்டுபிடிப்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல. ஒரு பாக்கெட்டில் அது வீட்டுக்காரர், இன்னொன்றில் ஆக்கிரமிப்பாளர். இதைத்தான் நான் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது. எத்தனை உயிர் என்று மட்டும் கேட்டால் பதில் பாதிதான். யாருடைய உயிர் என்றும் கேட்க வேண்டும்.

எத்தனை என்பதற்குச் சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள் 2006-ல் கொண்டுவரப்பட்டன. பொடியாக இருந்தால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல், திரவமாக இருந்தால் மில்லிக்கு 10 கோடி. 5 கோடியை யாரும் உட்கார்ந்து எண்ண முடியாது. 1 கிராமை 9 மில்லி நீரில் கலந்து, அதில் 1 மில்லியை அடுத்த 9 மில்லிக்கு மாற்றி, இப்படி ஆறு குழாய் தாண்டினால் 10 லட்சம் மடங்கு நீர்த்துவிடும். அதில் 1 மில்லியைத் தட்டில் ஊற்றினால், பாக்கெட் சொன்னபடி இருக்கும் பட்சத்தில் சுமார் 50 புள்ளிகள் முளைக்கும். 30-க்கும் 300-க்கும் இடையில் வரும் தட்டைத்தான் நம்பலாம். குறைந்தால் தற்செயல், கூடினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேற்றுக் கிருமிக்கும் அந்த ஆணையில் வரம்பு உண்டு. ஐந்து குழாய் தாண்டிய நீர்ப்பில் ஒன்றுகூட முளைக்கக் கூடாது. நான் மேலே சொன்ன ஆக்கிரமிப்பாளர்கள் சிக்குவது இந்த விதியில்தான்.

புள்ளி முளைத்த பிறகு மைக்ராஸ்கோப். ஷேஃபர், ஃபுல்டன் என்ற இருவர் 1933-ல் வெளியிட்ட சாயமுறையைத்தான் இன்றும் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணாடித் துண்டில் பூசி, மாலகைட் பச்சையை ஊற்றி ஆவி காட்ட வேண்டும். சூட்டில்தான் சாயம் வித்தின் உறைக்குள் நுழையும். பிறகு நீர்விட்டுக் கழுவி சாஃப்ரனின் ஊற்றினால், உடம்பு இளஞ்சிவப்பு, வித்து பச்சை. மெகாட்டீரியம் பெயருக்கேற்ற தடியன், சப்டிலிஸ் அதைவிட ஒல்லி. மாலகைட் பச்சை எங்கள் ஊர் இறால் குட்டைக்காரர்களுக்கும் பரிச்சயமான பெயர். அது அங்கே கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் குட்டையில் கொட்டும் 'ப்ரோபயாட்டிக்' பாக்கெட்டுகளில் பலவற்றிலும் இருப்பது இதே பேசில்லஸ் வித்துகள்தான். குட்டையிலும் வயலிலும் ஒரே குடும்பம் வேலைக்கு நிற்கிறது.

மடித்துச் செய்யும் காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய அருமையான கருவி அது. ஆனால் உருப்பெருக்கம் 140 மடங்கு அளவுதான், சுமார் 2 மைக்ரான் வரைதான் பிரித்துக் காட்டும். வித்து சுமார் 1 மைக்ரான் அளவில் இருப்பது. குட்டை நீரில் நெளிபவற்றைப் பார்க்க அது போதும், இதற்குப் போதாது.

வித்து இருக்கிறது, பேசில்லஸ்தான் என்பதும் தெரிந்துவிட்டது. நல்லதா என்பது இன்னும் தெரியவில்லை. மண்ணில் வித்து போடுபவர்களில் ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் கிருமியும் உண்டு, ரணஜன்னிக் கிருமியும் உண்டு. வடித்த சோற்றை வெதுவெதுப்பாக நெடுநேரம் விட்டுவைத்தால் வாந்தியெடுக்க வைக்கும் பேசில்லஸ் சீரியஸும் உண்டு. அரிசி வேகும்போது மற்றவை சாக, அதன் வித்து பிழைத்துக்கொள்ளும். 80 டிகிரித் தட்டு இவர்களையெல்லாம் பிரித்துக் காட்டாது. அதனால் அடுத்த படி, வேலை வாங்கிப் பார்ப்பது. மணிச்சத்து கரைக்கிறதா என்றால் பிக்கோவ்ஸ்கயா அகாரில் போடுவேன். கால்சியம் பாஸ்பேட் கலந்து பால்போல் வெளுத்திருக்கும் அந்தத் தட்டில், கரைக்கத் தெரிந்த புள்ளியைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். நோயை எதிர்க்கிறதா என்றால் நெல்லின் இலையுறை கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூசணத்தையும் இதையும் ஒரே தட்டில் எதிரெதிராக வைக்க வேண்டும். பூசணம் நெருங்காமல் நின்றுவிட்டால் ஆள் பரவாயில்லை. இன்ன இனம்தான் என்று உறுதியாக அறிய வேண்டுமென்றால் மரபணுவைப் படிக்கும் பி.சி.ஆர். ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். என் பின்கட்டில் அது நடக்காது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு அடுப்படியில் தட்டு வளர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். வளர்த்துவிட்ட தட்டில் எது எவ்வளவு பெருகியிருக்கிறது என்பது தெரியாது. பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் அரை மணியாவது வேகவைக்காமல் ஒரு தட்டைக்கூட நான் குப்பைக்கு அனுப்புவதில்லை. வெறும் கொதிநீர் வித்தைக் கொல்லாது என்பதைத்தான் கோனும் டிண்டலும் படாதபாடு பட்டுக் கண்டார்கள்.

தட்டும் காத்திருப்பும் இல்லாமல் சட்டென்று அறியவும் வழி வந்திருக்கிறது. டெர்பியம் என்ற அருமண் உலோகத்தின் உப்பு, வித்திலிருந்து வெளிப்படும் டைபிக்கோலினிக் அமிலத்தோடு சேர்ந்தால் புறஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். அந்த அமிலம் வித்தில் அன்றி வேறெங்கும் இவ்வளவு இருப்பதில்லை என்பதால் பச்சை ஒளியின் அளவே வித்தின் அளவு. முதலில் இதில் ஆர்வம் காட்டியவர்கள் உரக்காரர்கள் அல்ல, அடைப்பான் வித்தை ஆயுதமாக்குவார்களோ என்று அஞ்சியவர்கள். அடுத்து விண்வெளிக்காரர்கள். செவ்வாய்க்குப் போகும் கலத்தில் பூமியின் வித்து ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நாசா எண்ணிப் பார்க்கிறது. சதுர மீட்டருக்கு 300 வித்துக்கு மேல் கூடாது என்பது அங்கே வரம்பு. 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களைக் கிளம்பும் முன் சுமார் 112 டிகிரியில் 30 மணி நேரம் வேகவைத்தே அனுப்பினார்கள். அவர்களுடைய அடிப்படைச் சோதனையும் 80 டிகிரிச் சூடுதான். அவர்களுக்கு வித்து வரக் கூடாது, எனக்கு வர வேண்டும்.

கம்போஸ்ட் போடுகிறவர்கள் இதில் கவனிக்க ஒன்று உண்டு. வைக்கோலும் பச்சைத் தழையும் சாணியும் சரியாகக் கலந்து, ஈரம் பார்த்துப் புரட்டிவிட்டால் குவியல் நடுவில் 60 டிகிரியைத் தாண்டும். என் வெந்நீர் பத்து நிமிடத்தில் செய்யும் வேலையை அது நாள் கணக்கில் மெதுவாகச் செய்கிறது. களை விதையும் நோய்க்கிருமியும் போகும், வித்து போடுபவை பெருகும். சூடாக இருக்கும் குவியலில் சூடோமோனாஸையும் அசோஸ்பைரில்லத்தையும் கலந்து 'ஊட்டமேற்றுவது' காசை நெருப்பில் போடுவதற்குச் சமம். கையை உள்ளே விட்டால் சூடு தெரியாத நிலைக்கு ஆறிய பிறகே அவற்றைக் கலக்க வேண்டும். எங்கள் பக்கத்து எருக்குழிகள் பெரும்பாலும் இப்படிச் சூடாவதே இல்லை, அது தனிக் கதை. அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரத்துக் கீதாரிகள் வந்து கிடை போடுகிறார்களே, அந்த ஆட்டுப் புழுக்கை நேராக மண்ணுக்குப் போவதில் இந்தச் சூட்டுக் கட்டமே கிடையாது.

எண்ணிக்கையில் மயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. ஹெக்டேருக்கு 10 பாக்கெட், 2 கிலோ வயலில் தூவச் சொல்கிறார்கள். கிராமுக்கு 5 கோடி என்றால் மொத்தம் 10,000 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு ஹெக்டேரில் உழவு ஆழத்து மண் மட்டும் சுமாராக 20 லட்சம் கிலோ. பகிர்ந்து பார்த்தால் ஒரு கிராம் மண்ணுக்கு 50 செல். அந்தக் கிராம் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே, எத்தனை பாக்கெட் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். விதையில் பூசினாலோ நாற்றின் வேரை நனைத்து நட்டாலோ அத்தனை பேரும் வேரோரம் நிற்பார்கள். வேர் கசியவிடும் சர்க்கரையும் அமினோ அமிலமும்தான் உறங்கும் வித்தை எழுப்பும் அழைப்பு. அந்த அழைப்பு எட்டாத இடத்தில் விழுந்த வித்து அடுத்த பருவமும் உறங்கிக்கொண்டேதான் கிடக்கும்.

தட்டு காட்டாத ஒன்றும் எங்கள் வயலில் இருக்கிறது. தேங்கிய நீருக்கடியில் நெல் மண்ணில் காற்று இருக்காது. அங்கே செழிப்பது கிளாஸ்ட்ரிடியம் வகை. காற்றுப்பட்ட தட்டில் அது முளைக்காது, ஆகவே என் எண்ணிக்கையில் வராது. செடியின் துணையில்லாமல் தானே தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர் என்று உலகில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே அந்தக் குடும்பத்து உறுப்பினர்தான், 1890-களில், வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யரின் கையில். உப்பையும் மறந்துவிடக் கூடாது. கடைமடையில் கோடையில் வெள்ளை பூக்கும் மண்ணில், வேறெங்கோ நன்னீர் வயலில் பிடித்த கிருமி எவ்வளவு நாள் தாங்கும்? பிச்சாவரம் அலையாத்திக் காட்டோரம் வளரும் காட்டு நெல்லிலிருந்து, உப்பைத் தாங்கி, தழைச்சத்தும் பிடித்து, மணிச்சத்தும் கரைக்கும் ஒரு பாக்டீரியாவை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிரித்து 2004-ல் அறிவித்தார்கள். அதற்கு சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ் என்று பெயர். அது வித்து போடாது. வித்து ஒன்றே தகுதி என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான். எங்கள் கோரையாற்று முகத்துவாரத்து அலையாத்திச் சேற்றிலும் இப்படி யாராவது இருக்கக்கூடும், தேடுகிறவர்கள் வர வேண்டும்.

என்னிடம் பாக்கெட் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிரிக்காமல், தயாரிப்புத் தேதி தெரியும்படி கொண்டுவாருங்கள். தேதி தாண்டிய பேசில்லஸ் பாக்கெட்டை உடனே வீசிவிட வேண்டாம், பல சமயம் அதில் ஆள் இருக்கும். தேதி தாண்டிய அசோஸ்பைரில்லத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு நாள் மோட்டார் பைக் பெட்டியில் வெயிலில் சுற்றிய பிறகு கொண்டுவந்தால், நான் எண்ணிச் சொல்வது கடைக்காரர் விற்றதன் கணக்காக இருக்காது, உங்கள் வண்டிப் பெட்டியின் கணக்காகத்தான் இருக்கும்.